பெரிய பைக்குக்கு மாறும் முன் கையில் இருக்கும் வண்டியிடம் கேட்க வேண்டியவை

பைக் ஓட்டத் தொடங்கி ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் பலருக்கும் ஒரு ஆசை வரும். சிக்னலில் பக்கத்தில் ஒரு பெரிய வண்டி வந்து நிற்கும். பச்சை விழுந்ததும் ஒரு உறுமலோடு போய்விடும். அதுவரை நன்றாக இருந்த நம் வண்டி திடீரென்று சின்னதாகத் தெரியும். அன்றைக்கு ராத்திரியே போனில் சிசி, எடை, விலை என்று தேடல் தொடங்கிவிடும். இந்த ஆசையில் தப்பே இல்லை. எனக்கும் வந்தது. 150 சிசியில் தொடங்கி இப்போது 650 சிசி வண்டி ஓட்டுகிறேன். நடுவில் ஒரு முறை அவசரப்பட்டு ஆறு வாரம் காலில் கட்டோடு இருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

"எப்போது மாறலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஒரு வருஷம் ஓட்டு", இல்லையென்றால் "பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டு". எண்ணில் சொல்வது சுலபம். ஆனால் தினமும் ஒரே நேர்ச்சாலையில் வேலைக்குப் போய்வந்த பத்தாயிரம் கிலோமீட்டருக்கும், மழை, இருட்டு, மலைப்பாதை, பின்னால் ஆள் எல்லாம் கலந்த பத்தாயிரத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நான் கேட்கும் கேள்வி வேறு: இப்போது நீங்கள் முட்டி நிற்பது வண்டியின் எல்லையிலா, உங்கள் எல்லையிலா? வண்டியின் எல்லை என்றால் தாராளமாக மாறுங்கள். உங்கள் எல்லை என்றால் அதைப் பெரிய வண்டி தள்ளிவைக்காது, அதே இடத்துக்கு இன்னும் வேகமாகக் கூட்டிக்கொண்டு போகும். எது எந்த எல்லை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கீழே சொல்லும் படிகள்.

காரணத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் "இந்த வண்டியில் என்னால் எதைச் செய்ய முடியவில்லை?" என்று எழுதி, அதற்குக் கீழே பதிலை எழுதுங்கள். மனசுக்குள் யோசிக்கும்போது மழுப்பிவிடலாம், எழுதும்போது முடியாது.

"மாதம் இரண்டு முறை நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் போகிறேன். 90-ஐத் தாண்டினால் எஞ்சின் கதறுகிறது, ஹேண்டில் அதிர்ந்து கை மரத்துப்போகிறது, லாரியை முந்த இழுவை மிச்சமில்லை" என்று எழுதினால், அது வண்டியின் எல்லை. "பின்னால் ஆளையும் பையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் இரண்டாவது கியரைத் தாண்ட முடியவில்லை" என்பதும் அப்படித்தான். நல்ல உயரமானவர், முழங்கால் மடங்கி ஒரு மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றால் அதுவும் நியாயமான காரணம்.

"வளைவில் வண்டி வெளியே ஓடுகிறது", "பிரேக் பிடித்தால் ஆடுகிறது", "மழையில் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். இவை பெரும்பாலும் ஓட்டுபவரிடமோ பராமரிப்பிலோ இருக்கும் குறைகள். பிரேக் சரியில்லை என்று பெரிய வண்டி தேடிக்கொண்டிருந்த ஒரு நண்பரின் பைக்கை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். லீவர் ஹேண்டிலைத் தொடும் அளவுக்கு உள்ளே போனது. பிரேக் ஆயிலைப் பார்த்தால் காப்பி டிகாஷன் நிறம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டியதை அவர் வாங்கிய நாளில் இருந்து மாற்றவே இல்லை. டயரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தை. 2317 என்றால் 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்த டயர். அவர் வண்டியில் இருந்தது ஏழு வருடப் பழசு, ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. டயர், பிரேக் ஆயில், பேடு மூன்றையும் மாற்றியதும், "வண்டியே வேற மாதிரி இருக்கு" என்றார். நீங்களும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். எப்படியும் விற்கும்போது நல்ல டயருக்கு மதிப்பு உண்டு.

தாளில் எழுத ஒன்றுமே வரவில்லை, ஆனாலும் அந்தப் பெரிய வண்டி பிடித்திருக்கிறது என்றால்? அதுவும் காரணம்தான். பைக் என்பது பாதி ஆசையில் ஓடுவது. ஆசையால் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும். அப்போது அடுத்த படியைத் தள்ளிப்போட மட்டும் கூடாது.

காலி மைதானத்தில் ஒரு காலை

வண்டியே வராத, தரை காய்ந்த, மணல் இல்லாத ஒரு பெரிய திறந்த இடம் வேண்டும். முழு ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி என்பதால் இவை கட்டாயம்.

பிரேக்கில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லாவற்றையும் விட இதுதான் உயிரைக் காக்கிறது. தரையில் ஒரு கல்லை வையுங்கள். 40 கி.மீ. வேகத்தில் நேராக வந்து, முன்சக்கரம் கல்லுக்குப் பக்கவாட்டில் நேராக வரும் நொடியில் இரண்டு பிரேக்கையும் பிடித்து நில்லுங்கள். நின்ற இடத்தில் இன்னொரு கல். இரண்டுக்கும் நடுவே எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள். 9, 10 மீட்டருக்குள் நின்றால் நன்றாகப் பிடிக்கிறீர்கள். 15 மீட்டர் ஆகிறது என்றால், முன் பிரேக்கை நீங்கள் இன்னும் நம்பவில்லை, பின் பிரேக்கிலேயே சமாளித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முன் பிரேக்கைப் பற்றிய பயம் நிறையப் பேருக்குச் சைக்கிள் காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. "முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். உண்மையில் பிரேக் பிடித்ததும் எடையெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகிறது. அழுத்தமாகப் பிடிக்கும்போது நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது முன்சக்கரம்தான், பின்சக்கரம் தரையை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆபத்து முன் பிரேக்கில் இல்லை, அதை வெடுக்கென்று இழுப்பதில் இருக்கிறது. ஈரத்துணியைப் பிழிவது போல் பிடியுங்கள். முதலில் மெதுவாக. முன் ஃபோர்க் கீழே இறங்கி டயர் தரையில் அமுங்குவது கையில் தெரியும். அது தெரிந்ததும் இன்னும் அழுத்துங்கள், இன்னும். டயர் அமுங்கும் முன் மொத்த பலத்தையும் கொடுத்தால்தான் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இருபது, முப்பது முறை செய்தால் விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இரண்டாவது கல்லை நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

இது ஏன் வண்டி மாற்றுவதற்கு முன் வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 17 மீட்டர் போகிறோம். ஆபத்தைப் பார்த்து விரல் லீவரைத் தொட ஒரு நொடி ஆகிறது என்று வையுங்கள். அப்புறம் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கலாம். ஆக 37 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியிலேயே 28 மீட்டர் போய்விடும், பிறகு நிற்க 56 மீட்டர். மொத்தம் 84. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பெரிய வண்டியில் 100 என்பது 60 மாதிரி அமைதியாக இருக்கும். அந்த அமைதிதான் என்னை இன்றும் கவலைப்படுத்துகிறது. சின்ன வண்டி கதறி எச்சரிக்கும், பெரியது எச்சரிக்காது.

அடுத்தது மெதுவாகத் திரும்புவது. ஏழு மீட்டர் அகலத்துக்குள், கால் கீழே ஊன்றாமல், இரண்டு பக்கமும் யூ-டர்ன் அடிக்க முடிகிறதா? கிளட்ச் பாதி, ஆக்சிலரேட்டர் ஒரே அளவில், பின் பிரேக் லேசாக. பார்வை முன்சக்கரத்துக்குக் கீழே போகாமல், தலையை முழுதாகத் திருப்பி நீங்கள் போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இந்த வேகத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது.

என் ஆறு வாரக் கட்டுக்குக் காரணம் அந்தக் கடைசி வரிதான். 650 வாங்கி இரண்டாவது வாரம். லேசாகச் சரிந்த ஒரு முற்றத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன், நடக்கும் வேகம்தான். ஒரு குழந்தை ஓடி வருவது போல் தோன்றியது. ஹேண்டில் முழுக்க மடங்கியிருக்கும்போது வலது கை பழக்கத்தில் முன் பிரேக்கை இழுத்துவிட்டது. வண்டி நின்ற இடத்திலேயே சரிந்தது. கால் ஊன்றப் பார்த்தேன், சரிவுப் பக்கத்தில் தரை எட்டவில்லை. இதே தப்பை 150-ல் பலமுறை செய்திருக்கிறேன். அதன் எடை 140 கிலோவுக்குப் பக்கம், காலால் தாங்கி நிமிர்த்திவிடுவேன். இது 200 கிலோவைத் தாண்டியது. கணுக்கால் அடியில் மாட்டிக்கொண்டது. சின்ன வண்டி அத்தனை நாள் மன்னித்துக்கொண்டிருந்ததை நான் எனக்குத் தெரிந்த வித்தை என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது, விலகி ஓட்டுவது. நேராக வரும்போது குறுக்கே ஒரு பொருள் வந்தால் பிரேக்கைத் தொடாமல் சட்டென்று விலக வேண்டும். நடைவேகத்தைத் தாண்டியதும் பைக் திரும்பும் விதமே வேறு. இடது பக்கம் போக, இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். தள்ளியதும் வண்டி இடது பக்கம் சாயும், திரும்பும். எல்லாரும் இதைத் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறோம். தெரிந்து செய்யும்போதுதான் அவசரத்தில் கை சரியாக வேலை செய்யும். எடை கூடக்கூடத் தள்ளும் பலமும் கூட வேண்டும். பிரிட்டனில் பைக் உரிமத் தேர்வில் 50 கி.மீ. வேகத்தில் அவசரமாக நிற்பதையும் விலகுவதையும் செய்துகாட்டச் சொல்கிறார்கள். நீங்கள் 30-ல் தொடங்கி மெல்ல அங்கே போகலாம்.

மேட்டில் நிறுத்தி எடுப்பது, பின்னால் ஆளை ஏற்றி ஓட்டுவது, மழையில் ஓட்டுவது ஆகியவற்றை மைதானத்தில் அல்ல, தினசரி ஓட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் தோள் இறுகாமல் ஓட்ட முடிகிறதா என்று கவனியுங்கள். இறுகுகிறது என்றால் அங்கே இன்னும் பழக வேண்டியிருக்கிறது.

வளைவு தனி விஷயம். உங்களுக்குத் தெரிந்த ஒரு வளைவான சாலையில் போய்விட்டு வந்து யோசியுங்கள்: வளைவுக்குள் நுழைந்த பிறகு எத்தனை முறை பிரேக்கைத் தேடினீர்கள்? எத்தனை முறை கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் எட்டிப் பார்த்தீர்கள்? ஒரு முறைகூட இல்லை, வேகத்தையெல்லாம் நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட்டு, வளைவில் ஆக்சிலரேட்டரை நிதானமாகத் திறந்துகொண்டே வெளியே வந்தேன் என்றால் நீங்கள் தயார். பயந்த இடத்தில் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் இன்னும் கொஞ்ச நாள் இந்த வண்டியிலேயே இருங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் பைக் போகும்.

பழைய அனுபவம் எவ்வளவு கைகொடுக்கும்?

பைக் விபத்துகளைப் பற்றி அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு 1981-இல் வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் சுமார் 900 விபத்துகளை நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்து எழுதியது. அதில் ஒரு தகவலை நான் மறப்பதே இல்லை. விபத்தில் சிக்கியவர்களுக்குச் சாலை அனுபவம் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று வருடம் இருந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, விபத்து நடந்த அந்தக் குறிப்பிட்ட வண்டியில் ஐந்து மாதம்கூட அனுபவம் இல்லை. அதே ஆய்வு, ஆபத்து நேரத்தில் பெரும்பாலானோர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை என்றும் சொல்கிறது. பழைய ஆய்வுதான், வண்டிகள் எவ்வளவோ மாறிவிட்டன. மனிதக் கையும் காலும் மாறவில்லை. புது வண்டி வாங்கிய அன்று, எத்தனை வருடம் ஓட்டியவராக இருந்தாலும் அந்த வண்டிக்கு நாம் புதியவர்.

எவ்வளவு பெரியது?

சிசியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிசி என்பது சிலிண்டரின் கொள்ளளவு, அவ்வளவுதான். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் 349 சிசி, 20 குதிரைத்திறன், எடை 195 கிலோ. கவாசாகி நிஞ்ஜா 400-இல் 399 சிசி, 45-ஐ ஒட்டிய குதிரைத்திறன், எடை 170 கிலோவுக்குள். சிசியில் ஐம்பதுதான் வித்தியாசம், சக்தி இரண்டு மடங்கு. இன்னும் தெளிவாகத் தெரிய 600 பக்கம் வாருங்கள். இன்டர்செப்டர் 650-இல் 648 சிசி, 47 குதிரைத்திறன், எடை 200 கிலோவுக்கு மேல். யமஹா ஆர்6-இல் 599 சிசிதான், ஆனால் கிட்டத்தட்ட 120 குதிரைத்திறன், எடை 190 கிலோ. முதலாவது, புதிதாக மாறுபவர் பொறுமையாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வண்டி. இரண்டாவது 14,500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுற்றும்போது, உச்ச சக்தியைக் கக்கும் பந்தய ரகம். பாதி ஆர்பிஎம் வரை சாதுவாக இருந்துவிட்டு அதற்கு மேல் பாயும். அந்தப் பாய்ச்சல் வளைவின் நடுவில் வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தவர்களுக்கானது அது.

ஆக, குதிரைத்திறன், எடை, அந்தச் சக்தி எந்த ஆர்பிஎம்மில் வருகிறது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கீழ் ஆர்பிஎம்மிலேயே சீராக இழுக்கும் இரட்டை சிலிண்டர் வண்டிகள் முதல் பெரிய பைக்காக நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சில நாடுகளில் இந்தப் படிகளைச் சட்டமே கட்டிக் கொடுத்திருக்கிறது. சிங்கப்பூரில் முதல் உரிமத்தில் 200 சிசி வரைதான். ஒரு வருடம் கழித்துத் தேர்வில் தேறி 400 வரை, இன்னொரு வருடம் கழித்து அதற்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடப்பில் உள்ள ஏ2 உரிமத்துக்கு எல்லை சிசியில் இல்லை, சக்தியில் இருக்கிறது: 35 கிலோவாட், அதாவது 47 குதிரைத்திறன். அதோடு ஒரு கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் போகக் கூடாது என்றும் விதி. ஆஸ்திரேலியாவில் புதியவர்களுக்கு 660 சிசி வரை அனுமதி உண்டு, ஆனால் ஒரு டன் எடைக்கு 150 கிலோவாட் என்று சக்தியைக் கட்டிவைத்திருக்கிறார்கள். சிசி மட்டும் போதாது என்பதை இந்த விதிகளிலேயே பார்க்கலாம். எங்கே இருந்தாலும் உங்கள் உரிமம் எந்த வண்டிக்குச் செல்லும் என்று முதலில் பார்த்துவிடுங்கள், உரிமம் செல்லாத வண்டிக்குக் காப்பீடும் கைகொடுக்காது. ஒரே உரிமத்தில் எந்த பைக்கையும் ஓட்டலாம் என்று இருக்கும் இடங்களில், படியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். 125, 150-இல் இருந்து வருபவர்களுக்கு 25 முதல் 47 குதிரைத்திறன் வரை உள்ளவை நல்ல அடுத்த படி. அதில் இரண்டு வருடம் ஓட்டியபின் 70 பக்கம் போகலாம். 15-இல் இருந்து நேராக 120-க்குத் தாவிச் சமாளித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

ஏபிஎஸ் கட்டாயம் வேண்டும். பின்சக்கரம் வெறுமனே சுழன்று வழுக்காமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் காக்குமே தவிர, தாமதமாகப் பிடித்த பிரேக்கை ஈடுகட்டாது.

உடம்புக்குப் பொருந்துகிறதா?

ஷோரூமில் சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்குவது போதாது. ஷூவோடு ஏறி வண்டியை நிமிர்த்துங்கள். இரண்டு காலின் முன்பாதமாவது உறுதியாகத் தரையில் படிய வேண்டும். சீட் உயரத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம், அகலமான சீட்டில் கால் விரிந்துவிடுவதால் அதே உயரத்திலும் தரை எட்டாது. பிறகு இறங்கி, எஞ்சினைப் போடாமல் பத்தடி முன்னால் தள்ளி, பத்தடி பின்னால் இழுங்கள். வீட்டில் நிறுத்தும் இடத்தில் தினமும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள்.

விழுந்த வண்டியைத் தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் எஞ்சினை அணைத்து, முடிந்தால் முதல் கியரில் போடுங்கள், உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே நீட்டிவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் விழும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட்டின் ஓரத்தில் வைத்து உட்காருவது போல் இறங்குங்கள். ஒரு கையில் ஹேண்டிலின் கீழ்ப்பக்கப் பிடி, இன்னொரு கையில் பின்பக்கக் கம்பி. முதுகை வளைக்காமல், காலால் தரையை உதைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி எழுந்து வரும். என்னால் 200 கிலோவைக் கையால் தூக்க முடியாது. இப்படி எழுப்ப முடிகிறது.

செலவு

விலையை எல்லாரும் கணக்குப் போட்டுவிடுகிறோம். பின்னால் வருபவை மறந்துபோகும். டயர் அகலம் கூடினால் விலை கூடும், மென்மையான ரப்பர் என்பதால் ஆயுளும் குறையும். செயின் செட், பிரேக் பேடு, காப்பீடு, இரண்டு சிலிண்டருக்கு ஆயில், வால்வு சரிபார்ப்பு எல்லாமே மேலே போகும். வாங்கும் முன் ஒரு சர்வீஸ் நிலையத்தில் அந்த மாடலுக்கு இரண்டு டயர், ஒரு செயின் செட், ஒரு பெரிய சர்வீஸ் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையையும் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், ஷூவின் விலையையும் தனியாக எடுத்துவைத்த பிறகு கையில் மிஞ்சுவதுதான் வண்டிக்கான பணம். ஹெல்மெட்டில் மிச்சம்பிடித்துப் பெரிய வண்டி வாங்குவதாக இருந்தால், தயவுசெய்து சின்ன வண்டியிலேயே இருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

ஐந்து நிமிடம் நேர்ச்சாலையில் முறுக்கிவிட்டு வந்தால் எல்லா வண்டியும் பிடித்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் கேளுங்கள். நெரிசலில் போங்கள், எஞ்சின் சூடு தொடையில் அடிக்கிறதா என்று தெரியும். மோசமான சாலையில் போங்கள். ஒரு யூ-டர்ன் போடுங்கள். இறங்கியதும் மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு மூன்றையும் கவனியுங்கள். வாடகைக்கு அதே மாடல் கிடைத்தால் ஒரு முழு நாள் எடுத்து ஓட்டுவது இன்னும் நல்லது. ஒரு நாள் வாடகை, தப்பான வண்டியை ஆறு மாதத்தில் நஷ்டத்துக்கு விற்பதை விட மலிவு.

முதல் மாதம்

பழைய வண்டியை அவசரமாக விற்றுவிட வேண்டாம், முடிந்தால் ஒரு மாதம் வைத்திருங்கள். நெரிசலான நாளுக்கும் மழை நாளுக்கும் அது இருக்கட்டும்.

புது டயரின் மேல் வழுவழுப்பான பூச்சு இருக்கும், அது தேய்ந்து போகும்வரை, சுமார் 150 கிலோமீட்டருக்கு, வளைவில் நிதானம் வேண்டும். வண்டியில் ரெயின் மோடு இருந்தால் வெயிலிலும் அதிலேயே ஓட்டுங்கள். அதில் ஆக்சிலரேட்டர் மென்மையாகத் திறக்கும். ஆக்சிலரேட்டரை மூடியதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது (எஞ்சின் பிரேக்கிங்) பழைய வண்டியை விட அதிகமாக இருக்கலாம், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடினால் முன்னால் தள்ளும். கியரைக் குறைக்கும்போது கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். ஸ்பீடோமீட்டரை அடிக்கடி பாருங்கள், ஏனென்றால் பழைய வண்டியின் சத்தத்தை வைத்து வேகத்தைக் கணித்த காது இப்போது உங்களை ஏமாற்றும். நண்பர்கள் கூட்டத்தோடு நீண்ட பயணம் போவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். முன்னால் போகிறவரின் வேகம் நம் வேகமாகிவிடும், நாம் கவனிக்கவே மாட்டோம்.

அப்புறம், முதல் வார இறுதியில் அதே மைதானத்துக்குப் புது வண்டியோடு போங்கள். அதே யூ-டர்ன், அதே விலகல், அதே கல். பழைய வண்டியில் கடைசியாக நின்ற இடத்தில் ஒரு கல் வைத்தீர்களே, அந்தத் தூரத்தைக் குறித்து வைத்திருந்து அங்கேயே மறுபடி ஒரு கல்லை வையுங்கள். 30-ல் தொடங்கி 40-க்கு வாருங்கள். முதல் நாள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போய் நிற்கும், எனக்கும் மூன்று மீட்டர் தாண்டியது. கல்லுக்கு இந்தப் பக்கம் தொடர்ந்து பத்து முறை நிற்கும்வரை பின் சீட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம்.